வேலூரிலிருந்து தீம் பார்க்குக்கு ஒரு சர்ப்ரைஸ் பிறந்தநாள் பயணம்: முதல்முறை ஏற்பாடு செய்பவர்களுக்கு

சர்ப்ரைஸ் என்றதும் பலரும் ரகசியத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். யாரிடம் சொல்வது, யாரிடம் மறைப்பது, முகத்தை எப்படிச் சாதாரணமாக வைத்துக்கொள்வது என்று. அது பாதி வேலைகூட இல்லை. வழக்கமாக ஒரு பயணத்துக்குக் கிளம்பும் ஆள் தன் மாத்திரையைத் தானே எடுத்து வைப்பார், தனக்கு ஏற்ற துணியை எடுப்பார், லீவு சொல்வார், உடம்புக்கு முடியாவிட்டால் வரவில்லை என்பார். சர்ப்ரைஸில் அந்த வேலை அத்தனையும் உங்கள் தலையில் விழுகிறது. கீழே சொல்லியிருப்பதில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்து ஆட்களையும், பழைய வட ஆற்காட்டில் இருந்த ஆரணி, செய்யாறு ஆட்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். நமக்குப் பக்கத்தில் பெரிய தீம் பார்க் கிடையாது. எதற்கும் நெடுஞ்சாலை ஏறித்தான் ஆக வேண்டும்.

முதலில் ஆளைப் பாருங்கள்

பார்க்கைத் தேர்ந்தெடுக்கும் முன் பிறந்தநாள்காரருக்கு எது பிடிக்கும், எது பயம் என்று தெரிய வேண்டும். நேரடியாகக் கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடும். கேட்கவும் தேவையில்லை, நம் ஊரிலேயே சோதனைக் களங்கள் இருக்கின்றன. வேலூரில் பொருட்காட்சி போடும்போதோ குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவிலோ ராட்டினத்தைப் பார்த்ததும் அவர் என்ன செய்தார் என்று நினைத்துப் பாருங்கள். முதல் ஆளாக ஏறினாரா, இல்லை "நீங்க போங்க, நான் பையைப் பாத்துக்கறேன்" என்றாரா? ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவு. அதில் வாந்தி எடுப்பவருக்குச் சுற்றுகிற ரைடு ஒத்துக்கொள்ளாது. ஆனால் அதே ஆள் தண்ணீர்ச் சறுக்கில் குழந்தை மாதிரி ஆடலாம். உயரத்துக்கு ஒரு பயம், சுழற்சிக்கு ஒரு பயம், தண்ணீருக்கு ஒரு பயம். மூன்றும் தனித்தனி. எது அவருக்கு இல்லையோ அதை வைத்துப் பார்க்கைத் தேடுங்கள். மூன்றுமே இருந்தால் தயவுசெய்து வேறு பரிசு யோசியுங்கள்.

அடுத்து உடம்பு. இதய நோய், உயர் ரத்த அழுத்தம், கழுத்து அல்லது முதுகுத் தண்டுப் பிரச்சினை, சமீபத்திய அறுவை சிகிச்சை, கர்ப்பம் ஆகிய எது இருந்தாலும் பெரிய ரைடுகளில் ஏற்ற மாட்டார்கள். வாசலிலேயே பலகை வைத்திருப்பார்கள். புதுசாகக் கல்யாணமான தம்பதிக்கு நண்பர்கள் ஏற்பாடு செய்வதாக இருந்தால், இந்தக் கடைசி விஷயத்தை வீட்டில் ஒருவரிடமாவது பதமாக விசாரித்துவிடுவது நல்லது.

பிறந்தநாள்காரர் குழந்தை என்றால் வயதை விட உயரம் முக்கியம். ரைடுகளில் ஏறத் தகுதியை உயரத்தை அளந்துதான் முடிவு செய்கிறார்கள், பல பார்க்குகளில் குழந்தைக்கான டிக்கெட்டும் உயரத்தின்படிதான். வீட்டுச் சுவரில் நிற்க வைத்து ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதைப் பார்க்கின் இணையதளத்தில் உள்ள பட்டியலோடு ஒப்பிடுங்கள். தான் ஆசைப்பட்ட ரைடில் "நீ இன்னும் வளரணும் கண்ணா" என்று திருப்பி அனுப்பப்படுகிற குழந்தையின் பிறந்தநாள் அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

எங்கே போவது

வேலூரில் இருப்பவருக்கு மிக எளிது பூந்தமல்லிக்கு முன்னால், செம்பரம்பாக்கத்தை அடுத்த பழஞ்சூரில் இருக்கும் குயின்ஸ்லேண்ட். 2003 முதல் இருக்கிறது. சென்னை நெரிசலுக்குள் நுழையாமலே போய்விடலாம். தேசிய நெடுஞ்சாலை 48இல் நேராகப் போனால் 100 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். உலர் ரைடு, தண்ணீர் ரைடு இரண்டும் உண்டு. பெரியவர்களும் குழந்தைகளும் கலந்த கூட்டத்துக்கு இது போதும். வார விடுமுறை எந்தக் கிழமை என்பதைப் போன் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கொஞ்சம் பெரிதாக வேண்டும் என்றால் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லா. பெரிய ரோலர் கோஸ்டருக்கு ஆசைப்படும் கல்லூரிப் பசங்களுக்கு இதைத்தான் சொல்வேன். இங்கே ஒரு சூட்சுமம்: சென்னை என்று வழிகாட்டி ஆப்பில் போட்டுவிட்டு நகரத்துக்குள் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். காஞ்சிபுரம், வாலாஜாபாத், செங்கல்பட்டு வழியாகத் திருப்போரூர் போகலாம். ஆரணி, செய்யாறு ஆட்களுக்கும் இதே வழிதான் வசதி.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்து விஜிபியும் முட்டுக்காட்டு எம்ஜிஎம்மும் நம் அப்பா அம்மா காலத்துப் பெயர்கள். சின்ன வயதில் பள்ளிச் சுற்றுலாவில் போனதை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, புதிய பார்க்கை விட அந்தப் பழைய இடமே பெரிய பரிசாக அமையலாம். ஆனால் வேலூரிலிருந்து போக நகரத்தைக் குறுக்கே தாண்ட வேண்டும், அந்த நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

பெங்களூரைத் தாண்டி மைசூரு சாலையில் பிடதியில் இருக்கும் வொண்டர்லா 2005இல் திறந்தது. வேலூரிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்புவது உடம்புக்கு ஆகாது. ஓர் இரவு தங்கித்தான் ஆக வேண்டும். அங்கேயே அவர்களுடைய தங்கும் விடுதி உண்டு. ஆனால் திருப்பத்தூர், வாணியம்பாடி ஆட்களுக்குக் கணக்கு மாறும். அவர்களுக்குச் சென்னையை விடப் பெங்களூர் கிட்ட. விடியற்காலையில் கிளம்பி இரவில் திரும்பிவிடலாம், வண்டி ஓட்ட இரண்டு பேர் இருந்தால். ரயிலில் போவதாக இருந்தால் பெங்களூரில் இறங்கி, மெட்ரோவில் ஊதா நிறத் தடத்தில் கெங்கேரி வரை போய், அங்கிருந்து மைசூரு சாலையில் பஸ் பிடிக்கலாம்.

தேதி

பிறந்தநாள் அன்றேதான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். அன்று எல்லோரும் எதையாவது எதிர்பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். ஒரு வாரம் முன்னால் போனால் சந்தேகமே வராது. தேதிக்கு முன்னால் கொண்டாடக் கூடாது என்கிற பெரியவர்கள் இருக்கும் வீடு என்றால் அடுத்த வாரம் போங்கள். நம் வீடுகளில் ஒரு வசதி, ஆங்கிலத் தேதிப் பிறந்தநாள் ஒன்று, நட்சத்திரப் பிறந்தநாள் ஒன்று. ஒன்றில் கோயில் அர்ச்சனை, பாயசம் என்று வழக்கம்போல் முடித்துவிட்டால், "இந்த வருஷம் அவ்வளவுதான்" என்று அவர் நினைத்துக்கொள்வார். இன்னொன்றை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

வார நாளில் கூட்டம் குறைவு, டிக்கெட்டும் பல இடங்களில் மலிவு. ஆனால் நம் பக்கம் எல்லோருக்கும் வார நாள் ஒத்துவராது. ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலையிலோ ஷூ கம்பெனியிலோ வேலை செய்பவருக்கு ஞாயிறுதான் விடுமுறை. மருத்துவமனையில் நர்ஸ் வேலை என்றால் டியூட்டி பட்டியல் வந்த பிறகுதான் எதுவும் முடிவு செய்ய முடியும். அவருடைய தோழி ஒருவரைப் பிடித்து டியூட்டி மாற்றி வைக்கச் சொல்லுங்கள். விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர் என்றால் வெளியே போகும் அனுமதியை அவரே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், வீட்டிலிருந்தும் ஒப்புதல் கேட்பார்கள். ஆகவே நீங்கள் சொல்லும் பொய்யும் அவர் அதில் எழுதப்போகும் காரணமும் ஒன்றாக இருக்க வேண்டும். இதற்கு அவர் அம்மாவைக் கூட்டுச் சேர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பருவத்தையும் பாருங்கள். மே மாதக் கத்திரி வெயிலில் வேலூர்க்காரனுக்கு யாரும் வெயிலைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் சிமென்ட் தரையில் வெறுங்காலோடு தண்ணீர் ரைடுக்கு வரிசையில் நிற்பது தனி அனுபவம். அதோடு பள்ளி விடுமுறைக் கூட்டமும் சேரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இடி மின்னல் என்றால் உயரமான ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், அதற்காகப் பணம் திரும்பக் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். ஜனவரி பிற்பாதி, பிப்ரவரி நல்ல காலம். காலையில் நாலைந்து பள்ளிப் பேருந்துகள் வந்து நிற்பதை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில்தான் பிறந்தநாள் வருகிறது என்றால், கூரைக்குள் இருக்கும் இடம் ஒன்றை மாற்றாக வைத்திருங்கள். ஈஞ்சம்பாக்கத்தில் விஜிபி மரைன் கிங்டம் கடல்வாழ் உயிரினக் காட்சியகம் அப்படி ஒன்று.

மனைவிக்கோ மகளுக்கோ தங்கைக்கோ ஏற்பாடு செய்கிறீர்கள், தண்ணீர் ரைடும் உண்டு என்றால், மாதவிடாய்த் தேதியை யோசிக்காமல் டிக்கெட் போடாதீர்கள். வெளியே பேசத் தயங்கும் விஷயம்தான். அதனால்தான் பலரும் இதைக் கோட்டை விடுகிறார்கள். தேதியை மாற்ற அனுமதிக்கும் டிக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள். அப்படியும் பையில் நாப்கின் இருக்கட்டும்.

என்ன பொய் சொல்வது

பொய் சொல்வதிலும் துணி விஷயம் இருக்கிறது. "காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணம்" என்று சொன்னால் வழி சரியாகத்தான் பொருந்தும், ஆனால் அவர் பட்டுப்புடவையும் நெக்லஸுமாக வந்து நிற்பார். கோயில் என்று சொன்னால் வேட்டி. ரோலர் கோஸ்டரில் இரண்டுமே உதவாது. என்ன சொன்னால் அவர் சுடிதாரும் ஷூவுமாகவோ, பேண்ட் டி-ஷர்ட்டிலோ கிளம்புவாரோ அதைச் சொல்லுங்கள்.

நான் சிபாரிசு செய்வது பெரிய பயணத்தைச் சின்னப் பயணத்தால் மறைப்பது. "வண்டலூர் ஜூவுக்குப் போகலாம், பசங்க கேட்டுட்டே இருக்காங்க" என்றால் போதும். நடக்க வேண்டும் என்பதால் வசதியான துணி, தண்ணீர் பாட்டில், தொப்பி எல்லாம் தானாக வந்துவிடும். காலையில் சீக்கிரம் கிளம்பவும் காரணம் கிடைத்துவிட்டது. சென்னை நோக்கிப் போவதிலும் சந்தேகம் இல்லை. பிடதிக்குப் போகிறவர்கள் பெங்களூரில் லால்பாக் என்று சொல்லலாம்.

உடம்பு சரியில்லை, யாரோ ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். வேலூரில் அந்தப் பொய்யை எல்லோரும் உடனே நம்புவார்கள், அதனாலேயே அது வேண்டாம். பிறந்தநாளைப் பதைப்போடு தொடங்க வைத்துவிட்டு, பிறகு சிரிக்கச் சொன்னால் எப்படி?

ரகசியம் எந்த வழியாகக் கசியும்

வாய் வழியாகக் கசிவது குறைவு. போன் வழியாகத்தான் அதிகம். டிக்கெட் பதிவு செய்யும்போது மின்னஞ்சலும் செல்பேசி எண்ணும் கேட்பார்கள். வீட்டில் இருவரும் ஒரே மின்னஞ்சலைப் பயன்படுத்தினால் வேறு ஒன்றைக் கொடுங்கள். சில மின்னஞ்சல்களில் டிக்கெட் வந்ததும் நாட்காட்டியில் தானாகவே ஏறிவிடும், முதல் நாள் இரவு டிங் என்று நினைவூட்டும். வங்கிக் கணக்கு இருவருக்கும் பொதுவானால் பணம் போன குறுஞ்செய்தி அவர் எண்ணுக்கும் போகலாம். நண்பர் கணக்கில் கட்டச் சொல்லிவிட்டுப் பிறகு அவருக்கு அனுப்புவது நல்ல வழி. காரின் ஃபாஸ்டேக் அவர் பெயரில் இருந்தால் வாலாஜாவில் ஒன்று, ஸ்ரீபெரும்புதூரில் ஒன்று என்று சுங்கச்சாவடிக்குச் சுங்கச்சாவடி செய்தி வரும். கூடவே இருக்கிறார் என்பதால் இது பெரிய ஆபத்தில்லை, ஆனால் முன்னாடியே ஒரு தடவை இடத்தைப் பார்த்துவரப் போனீர்கள் என்றால் அன்றைக்கே மாட்டிக்கொள்வீர்கள்.

வாடகை வண்டி எடுத்தால் டிரைவருக்குத் தனியாகச் சொல்லி வையுங்கள். வாசலில் ஹாரன் அடித்துவிட்டு "குயின்ஸ்லேண்ட்தானே சார்?" என்று கேட்டுவிடுவார். அவர் மேல் தப்பில்லை.

குழந்தைகளிடம் கடைசியில் சொல்லுங்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கு வண்டியில் ஏறிய பிறகு, அல்லது சொல்லவே வேண்டாம். காலையில் வாழ்த்துச் சொல்லக் கூப்பிடும் அத்தைகள், சித்தப்பாக்கள் இன்னொரு ஓட்டை. "பார்க்குக்குப் போயாச்சா கண்ணு?" என்பதுதான் அவர்களின் முதல் கேள்வியாக இருக்கும். தெரிய வேண்டியவர்கள் யாரோ அவர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு எழுத்துகூட வேண்டாம்.

டிக்கெட்

பார்க்கின் சொந்த இணையதளத்தில் வாங்குங்கள். தேடினால் அதே பெயரில் நாலு தளம் வரும், தள்ளுபடி என்று ஆசை காட்டும். முகவரியை ஒரு முறைக்கு இரு முறை பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். முன்பதிவுக்கு, கல்லூரி மாணவர்களுக்கு, மூத்த குடிமக்களுக்கு என்று சலுகைகள் உண்டு. பிறந்தநாள்காரருக்கு ஏதாவது சலுகை இருக்கிறதா என்று போனில் கேளுங்கள், கேட்டால்தான் சொல்வார்கள். மாணவர் சலுகைக்கு அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். "போகிற வழியில் கேட்பாங்க, ஐடி கார்டை எடுத்து வை" என்று சொல்லி எடுக்க வைத்துவிடுங்கள்.

ரைடு ஏறாத பாட்டிக்கும் பொதுவாக நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். காசு வீண் என்று நினைக்காதீர்கள். பையையும் செருப்பையும் பார்த்துக்கொள்ள நிழலில் ஒருவர் உட்கார்ந்திருப்பது எவ்வளவு நிம்மதி என்பது உள்ளே போன பிறகு தெரியும். ஆனால் பாட்டிக்கு எட்டு மணி நேரம் உட்காரப் பிடிக்குமா என்று அவரிடமும் கேட்டுவிடுங்கள், அவருக்குச் சர்ப்ரைஸ் வேண்டாம்.

வரிசையில் நிற்காமல் போக அதிகக் கட்டணத்தில் தனி டிக்கெட் சில பார்க்குகளில் உண்டு. வார நாளில் அது தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை, பொங்கல் விடுமுறை என்றால், நூறு கிலோமீட்டர் வந்துவிட்டு வரிசையிலேயே நிற்பதற்குப் பதில் அந்தக் காசைக் கொடுத்துவிடலாம் என்பது என் கணக்கு.

இரகசியப் பை

எல்லாவற்றிலும் இதற்குத்தான் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். முந்தின இரண்டு மூன்று நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பையில் சேர்த்து, வண்டியின் டிக்கியிலோ பக்கத்து வீட்டிலோ வைத்துவிடுங்கள்.

தண்ணீர் ரைடுக்குப் பருத்தித் துணியை அனுமதிக்க மாட்டார்கள் பல இடங்களில். நைலான் மாதிரியான நீச்சல் துணி வேண்டும். பார்க்கிலேயே கடை இருக்கும், விலையும் கூடுதலாக இருக்கும், அளவும் எப்போதும் கிடைக்காது. முன்கூட்டியே வேலூரிலேயே விளையாட்டுப் பொருள் கடையில் வாங்கிவிடுங்கள். அளவு தெரியாவிட்டால் அவருடைய டிராக் பேண்டின் உள்பக்கம் லேபிளைப் பாருங்கள். பெண்களுக்கு முழுக்கை, முழுக்கால் வைத்த நீச்சல் உடையும் கிடைக்கிறது. எது அணிந்தால் அவர் கூச்சமில்லாமல் இருப்பார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். தெரியாவிட்டால் அவர் தங்கையிடம் கேளுங்கள்.

மாற்றுத் துணி ஒரு முழு செட், உள்ளாடை உட்பட. பீரோவிலிருந்து எடுத்தால் தெரிந்துவிடும், துவைத்துக் கொடியில் காய்வதிலிருந்து எடுத்தால் யாரும் தேட மாட்டார்கள். துண்டு, சீப்பு, ரப்பர் செருப்பு, ஈரத் துணிக்குப் பெரிய பிளாஸ்டிக் கவர், போனுக்கு நீர் புகாத உறை. கண்ணாடி போடுபவர் என்றால் பின்பக்கம் கட்டும் கயிறும் கண்ணாடிப் பெட்டியும்.

மாத்திரை. ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ தினமும் போடுபவர் என்றால் மதிய மாத்திரையை நீங்கள் எடுத்து வைக்க வேண்டும். மருந்துச் சீட்டைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச் சாப்பாட்டைப் பார்க்குக்குள் விட மாட்டார்கள், ஆனால் குழந்தை உணவையும் மருந்துக்கு வேண்டியதையும் கேட்டுச் சொன்னால் பொதுவாக விட்டுவிடுவார்கள். வாந்திக்கான மாத்திரையை டாக்டரிடமோ மருந்துக்கடையிலோ கேட்டு வாங்குங்கள், தூக்கம் வரவழைக்கும் வகையாக இருந்தால் வேண்டாம்.

நகையைப் பற்றி முதல் நாள் ராத்திரியே பேச்சை எடுத்துவிடுங்கள். "ஜூவில் கூட்டமா இருக்கும், செயின் வேண்டாம்" என்று. தண்ணீர்ச் சறுக்கில் செயினும் கொலுசும் கழன்று போனால் தேடிக் கிடைக்காது. தாலியைக் கழற்ற மாட்டேன் என்பவர்கள் மஞ்சள் கயிற்றில் மாற்றிக்கொள்வதோ, உள்ளே விட்டு ஊக்கு குத்திக்கொள்வதோ உண்டு. அவர் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள், பையில் நாலு ஊக்கு மட்டும் இருக்கட்டும்.

அன்றைய நாள்

பார்க் திறக்கவே பத்து பத்தரை ஆகும். அதனால் நள்ளிரவில் எழுப்பித் தொல்லை செய்யாதீர்கள். வேலூரிலிருந்து குயின்ஸ்லேண்ட் என்றால் ஆறரைக்குக் கிளம்பினால் போதும், வழியில் நிதானமாகச் சாப்பிடவும் நேரம் இருக்கும். வாலாஜாவுக்கு அப்புறம் ஆறுவழிச் சாலைப் பணி பல வருடமாக நடந்துகொண்டிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கம்பெனி பஸ்கள் மொத்தமாக ஓடும் நேரத்தில் வண்டி ஊரும். அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் போகிறவர்கள் வேலூர் புதிய பேருந்து நிலையத்தில் சென்னை வண்டி பிடித்து, பார்க் வாசலில் நிற்குமா என்று நடத்துனரிடம் ரகசியமாகக் கேளுங்கள். நிற்காத வண்டி என்றால் பூந்தமல்லியில் இறங்கி ஆட்டோவில் திரும்பி வர வேண்டும். ரயில் இந்தப் பார்க்குக்கு உதவாது, காட்பாடியில் ஏறினால் அது திருவள்ளூர் பக்கமாகப் போய்விடும்.

எப்போது உண்மையைச் சொல்வது? கண்ணைக் கட்டி வாசல்வரை கூட்டிப்போய்க் கட்டவிழ்ப்பது போட்டோவுக்கு நன்றாக இருக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. காவேரிப்பாக்கம் பக்கம் காலை டிபனுக்கு நிறுத்தும்போதே இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் டிக்கெட்டை வைத்துவிடுங்கள். மீதி வழி முழுக்க அவர் ஆசையாகப் பேசிக்கொண்டே வருவார், அந்த ஒரு மணி நேரமும் பரிசில் சேர்த்திதான். பயம் இருந்தால் சொல்லவும் அவகாசம் கிடைக்கும். "எனக்கு இன்னிக்கு முடியல" என்றால் உண்மையிலேயே வண்டலூருக்குப் போய்விடலாம். காஞ்சிபுரமும் பக்கம்தான்.

டிபன் லேசாக இருக்கட்டும். இட்லி, இடியாப்பம் சரி. பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டுத் தலைகீழாகச் சுற்றும் ரைடில் ஏறுவது உங்கள் பக்கத்து இருக்கைக்காரருக்குச் செய்யும் அநியாயம். பிடதிக்குப் போகிறவர்கள் ஆம்பூரைக் காலையில் தாண்டுவீர்கள். பிரியாணியைத் திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் லாக்கர் எடுத்துவிட்டு, கூட்டம் சேரும் முன் அவருக்கு மிகவும் பிடிக்கக்கூடிய உலர் ரைடுக்கு நேராகப் போங்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன் பெரிய ரைடுகள், சாப்பிட்டதும் ரோப் கார், ரயில் மாதிரி மெதுவானவை, பிறகு தண்ணீர். தண்ணீர்ப் பகுதியைச் சீக்கிரம் மூடும் பார்க்குகள் உண்டு, மூடும் நேரத்தை நுழையும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரில் இறங்கிவிட்டால் மறுபடி உலர்ந்து துணி மாற்றி ரைடுக்கு வர யாருக்கும் மனசு வராது.

ஏற மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். "இவ்வளவு காசு கொடுத்து வந்து" என்ற வார்த்தை உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. அவர் இந்தக் காசைச் செலவழிக்கச் சொல்லவில்லை.

கேக் விஷயம். வெளியிலிருந்து கொண்டுபோக முடியாது. பூட்டிய காரில் வைத்தால் மதியத்துக்குள் கிரீம் உருகி ஓடிவிடும். பார்க்கின் உணவகத்தில் முன்கூட்டிச் சொன்னால் ஏற்பாடு செய்து தருகிறார்களா என்று டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள். இல்லையென்றால் கேக்கை வீட்டுக்குத் திரும்பிய பிறகு வெட்டலாம். அதை விட, எனக்குப் பிடித்த வழி ஆற்காட்டில் மக்கன் பேடா வாங்கிக்கொள்வது. உள்ளே முந்திரியும் உலர் பழங்களும் வைத்த அந்தப் பேடா கிரீம் கேக் மாதிரி உருகி ஓடாது. பாகு சிந்தாமல் இறுக்கமாக மூடும் டப்பாவில் மட்டும் வாங்குங்கள். பார்க்கிங்கில் வண்டியைத் திறந்து, எல்லோரும் ஈரத் தலையோடு நின்று ஆளுக்கு ஒன்று சாப்பிட்டால் கேக் வெட்டிய மாதிரிதான்.

திரும்பி வருவது

நாள் முழுக்க வெயிலிலும் தண்ணீரிலும் ஆடிய ஆள் இரவில் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே வண்டி ஓட்டக் கூடாது. ஆடாத ஒருவரை ஓட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் அன்றைக்கு மட்டும் டிரைவர் போட்டுக்கொள்ளுங்கள். பேட்டா, அவர் சாப்பாடு இரண்டையும் முதலிலேயே செலவுக் கணக்கில் எழுதுங்கள். டிக்கெட், டீசல், சுங்கம், லாக்கர், உள்ளே சாப்பாடு, பார்க்கில் எடுத்துத் தரும் போட்டோ என்று பட்டியல் போடும்போது இதுதான் விட்டுப்போகும்.

ஆறு மணி சுமாருக்குக் கிளம்பினால் ஸ்ரீபெரும்புதூரில் மறுபடி கம்பெனி பஸ் கூட்டம் இருக்கும். அவசரப்படாமல் சுங்குவார்சத்திரம் தாண்டிச் சாப்பிட்டுவிட்டு வந்தால் ஒன்பதரைக்குள் வேலூர். இருக்கையில் துண்டை விரித்து உட்காருங்கள். பிளாஸ்டிக் கவரில் இருக்கும் ஈரத் துணியை எவ்வளவு தூக்கம் வந்தாலும் அன்று இரவே நல்ல தண்ணீரில் அலசிக் காயப் போட்டுவிடுங்கள், குளோரின் தண்ணீர் விடிவதற்குள் நாற்றம் ஏற்றிவிடும். அந்த வேலையும் உங்களுடையதுதான், பிறந்தநாள்காரர் தூங்கட்டும்.